எந்த ஜாடி எதற்கு?

ஊறுகாய் தீர்ந்துவிட்டது. கண்ணாடி பாட்டில் மிச்சம் இருக்கிறது. காப்பித்தூள் பாட்டில், தேன் பாட்டில், ஜாம் பாட்டில் என்று அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. தூக்கி எறிய மனம் வருவதில்லை. கழுவித் துடைத்து வைத்துவிடுகிறோம்.

இந்த ஜாடிகளைக் கொண்டு கைவேலை செய்யலாம். வெளிப்புறம் வண்ணம் தீட்டிப் பூச்சாடி ஆக்கலாம். உள்ளே மெழுகு ஊற்றி மெழுகுவர்த்தி செய்யலாம். இனிப்பு நிரப்பி, துணியால் மூடிக் கட்டிப் பரிசாகக் கொடுக்கலாம். பெண்கள் பலர் குழுவாகச் சேர்ந்து இவற்றைச் செய்து விற்கிறார்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயங்களில் நல்ல விற்பனை உண்டு.

ஆனால் எல்லா ஜாடியும் எல்லா வேலைக்கும் ஆகாது. பூச்சாடியாக நன்றாக நிற்கும் பாட்டில், உள்ளே திரி எரிந்தால் விரிந்துவிடலாம். வாங்கியவர் வீட்டு மேசையில் அது உடைந்தால் என்ன ஆகும்? சூடான மெழுகு கொட்டும். துணியில் தீப்பிடிக்கும். அருகே குழந்தை இருந்தால்? ஆகவே ஜாடியைக் கையில் எடுத்ததும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். "இது என்ன வேலை செய்யப் போகிறது?"

கண்ணாடி ஏன் விரிகிறது?

கண்ணாடி மணலிலிருந்து வருகிறது. மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் மூன்றையும் சேர்த்து உலையில் உருக்குகிறார்கள். உலையின் வெப்பம் ஏறத்தாழ 1,500 டிகிரி. நம் நாட்டில் இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர் பிரோசாபாத். உத்தரப் பிரதேசத்தில், ஆக்ராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் கையில் போடும் கண்ணாடி வளையல்களில் பெரும்பங்கு அந்த ஊரில் செய்தவைதான். ஜாடிகளும் விளக்குக் கூண்டுகளும் அங்கே செய்கிறார்கள்.

உலையிலிருந்து வந்த ஜாடியை உடனே குளிரவிட மாட்டார்கள். நீளமான சூட்டு அறைக்குள் மெல்ல மெல்ல நகர்த்தி ஆறவைப்பார்கள். அவசரமாக ஆறினால் கண்ணாடிக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். பார்வைக்கு ஜாடி நன்றாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் சிறு சூடு பட்டாலும் பட்டென்று விரியும்.

நன்றாக ஆறிய ஜாடிக்கும் ஓர் எல்லை உண்டு. சூடு பட்டால் கண்ணாடி சற்று விரிவடையும். குளிர்ந்தால் சுருங்கும். ஆனால் சூடு கண்ணாடிக்குள் வேகமாகப் பரவாது. சூடான மெழுகை ஊற்றினால் உள்பக்கம் உடனே விரிவடைகிறது. வெளிப்பக்கம் குளிர்ச்சியாகவே இருக்கிறது. உள்பக்கம் தள்ளுகிறது. வெளிப்பக்கம் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால்தான் விரிசல்.

தடித்த கண்ணாடி உறுதியானது என்று நினைக்கிறோம். கீழே விழுந்தால் அது உண்மைதான். திடீர்ச் சூட்டுக்கு அது நேர் எதிர். தடிப்பு கூடினால், சூடு வெளிப்பக்கம் வந்து சேர நேரமும் கூடும். எனவே தடித்த ஜாடிதான் முதலில் விரியும். டீக்கடையில் பாருங்கள். டீ ஊற்றுவதற்கு முன்னால் டம்ளரை வெந்நீரில் அலசுவார்கள். சுத்தத்துக்காகத்தான் அலசுகிறார்கள். அதே வெந்நீர் டம்ளரையும் காப்பாற்றிவிடுகிறது.

இன்னொரு வகைக் கண்ணாடி உண்டு. ஆய்வுக்கூடங்களிலும், அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரங்களிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் போரான் என்ற பொருள் சேர்ந்திருக்கும். பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெண்காரத்தில் இருப்பதும் அதே போரான்தான். அந்தக் கண்ணாடி சூட்டை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல். நம் வேலைக்குச் சாதாரண ஜாடியே போதும், பார்த்து எடுத்தால்.

இந்தப் பாட்டில்கள் வேண்டவே வேண்டாம்

பூச்சிமருந்து வந்த பாட்டில் எதற்கும் ஆகாது. பத்து முறை கழுவினாலும் ஆகாது. விஷம் மூடியிலும் வாய் ஓரத்திலும் தங்கியிருக்கும். பூச்சிமருந்துச் சீட்டில் சாய்சதுரமாக ஓர் அடையாளம் இருக்கும். அதில் பாதி முக்கோணமாக வண்ணம் தீட்டியிருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். பிறகு நீலம். கடைசியாகப் பச்சை. பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதுவும் விஷம்தான், கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

கழிவறை கழுவும் ஆசிட் பாட்டிலும் அப்படியே. சீட்டு கிழிந்துபோய், என்ன இருந்தது என்றே தெரியாத பாட்டிலையும் விட்டுவிடுங்கள். பழைய பாட்டில் வியாபாரியிடம் மொத்தமாக வாங்கும்போது இவை கலந்து வரும். வட மாநிலங்களில் அவரைக் கபாடிவாலா என்கிறார்கள். எங்கே வாங்கினாலும் மூட்டையைக் கொட்டிப் பிரித்துப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். வெட்கப்பட வேண்டியதில்லை. அவருக்கும் அது தெரியும்.

தட்டிப் பார், தடவிப் பார்

சந்தையில் மண்பானை வாங்கும்போது என்ன செய்வோம்? விரலை மடக்கித் தட்டுவோம். நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். ஓட்டைப் பானை சொத்தென்று ஒலிக்கும். ஜாடிக்கும் அதே சோதனைதான். மூடியைக் கழற்றிவிட்டு மெல்லத் தட்டுங்கள். ஒலி மங்கலாக இருந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம்.

அடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். முடி போன்ற கோடு தெரிகிறதா? அடிப்பகுதி சுவரோடு சேரும் இடத்தை இரண்டு முறை பாருங்கள். விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒன்றிரண்டு சிறு குமிழிகள் இருந்தால் பூச்சாடிக்குப் பரவாயில்லை. மெழுகுவர்த்திக்கு வேண்டாம்.

வாய் ஓரத்தைக் கைவிரலால் தடவாதீர்கள். சில்லு பெயர்ந்திருந்தால் விரல் கிழியும். கொஞ்சம் பஞ்சை எடுத்துத் தடவுங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஜாடியை ஒதுக்குங்கள்.

கடைசியாக, சமமான பலகையில் நிறுத்தி லேசாகத் தொடுங்கள். ஆடினால் அது விளக்குக்கு ஆகாது.

சீட்டை எடுப்பது சுலபம். வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். பசை போகாவிட்டால் சமையல் சோடாவைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தேயுங்கள். ஊறுகாய் வாசனை கண்ணாடியில் தங்காது, மூடிக்குள் இருக்கும் வளையத்தில் தங்கும். எனவே மூடியை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

மெழுகுவர்த்திக்கு எது?

இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்.

சுவர் நேராக இருக்க வேண்டும். வாய் அகலமாக இருக்க வேண்டும். கை உள்ளே போகும் அளவு இருந்தால் நல்லது. கழுத்து ஒடுங்கிய பாட்டில் அழகாக இருக்கும், ஆனால் சூடு முழுவதும் கழுத்தில் சேரும். காற்றும் சரியாக உள்ளே போகாது. சுடர் புகையும். கண்ணாடி கறுத்துவிடும். மிக உயரமான ஜாடியிலும் இதே தொல்லைதான்.

சுவரின் கனம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கட்டும். அடி மிகத் தடிப்பாகவும் சுவர் மெல்லியதாகவும் இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் விரியும். ஜாம் வந்த அகல வாய் ஜாடி பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஜாடி எவ்வளவு மெழுகு கொள்ளும்? தண்ணீர் ஊற்றி அளந்தால் தெரியும். முழு ஜாடி 200 மில்லி கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும். அது 150 மில்லி. மெழுகு தண்ணீரைவிட எடை குறைந்தது. 100 மில்லி இடத்துக்கு ஏறத்தாழ 90 கிராம் மெழுகு போதும். அப்படியானால் 150 மில்லிக்கு 135 கிராம். 1 கிலோ மெழுகில் இந்த அளவில் 7 ஜாடி நிரப்பலாம். கொஞ்சம் மிஞ்சும்.

அளந்த பிறகு ஜாடியை நன்றாகக் காயவையுங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எரியும்போது படபடவென்று தெறிக்கும்.

மெழுகை நேரே அடுப்பில் உருக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும். அதற்குள் சிறிய பாத்திரத்தை வைத்து அதில் மெழுகை உருக்குங்கள். தப்பித் தவறி மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ மேலே பாயும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தட்டால் மூடுங்கள்.

இப்போது ஒரு சிறு கணக்கு. சாதாரண ஜாடி, திடீரென்று வரும் 40 டிகிரி வேறுபாடு வரை பொதுவாகத் தாங்கும். உருகிய மெழுகின் சூடு 80 டிகிரி என்று கொள்வோம். தீபாவளிக்குப் பிறகு வட இந்தியாவில் காலைக் குளிர் தொடங்கிவிடும். ஜாடி 15 டிகிரியில் இருக்கும். 80-இல் 15 போனால் 65. ஜாடி விரிய இது போதும். அதே ஜாடியைக் கை பொறுக்கும் வெந்நீரில் வைத்து எடுத்துத் துடைத்தால் அது 45 டிகிரிக்கு வந்துவிடும். 80-இல் 45 போனால் 35. இனிப் பயமில்லை. மெல்ல ஊற்றுங்கள்.

திரி நட்டநடுவில் நிற்க வேண்டும். சுவர்ப் பக்கம் சாய்ந்தால் சுடர் கண்ணாடியை ஒரே இடத்தில் சுடும். இதற்காகவே திரியின் அடியில் சிறு தகடு மாட்டி ஜாடியின் நடுவில் ஒட்டிவிடுவார்கள்.

முதல் ஜாடியை விற்காதீர்கள். வீட்டிலேயே ஒரு தட்டின் மேல் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எரித்துப் பாருங்கள். ஒவ்வொரு புது வகை ஜாடிக்கும் இப்படிச் செய்ய வேண்டும்.

மற்ற வேலைகளுக்கு

வண்ணம் தீட்டும் ஜாடியில் எழுத்துப் புடைப்புகள் இல்லாமல் இருந்தால் தூரிகை வழுக்கிக்கொண்டு போகும். குடிக்கவோ தின்னவோ பயன்படும் ஜாடி என்றால் வாய் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளித் தீட்டுங்கள். உட்புறம் தீட்டவே கூடாது. சில வண்ணங்களில் ஈயம் இருக்கிறது. அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும்.

இனிப்பும் மசாலாவும் நிரப்ப, உணவு வந்த ஜாடிகளை மட்டும் எடுங்கள். மூடியைப் புதிதாக வாங்குங்கள். நீர் ஊற்றி மூடிக் கவிழ்த்துப் பாருங்கள். சொட்டினால் எறும்பு நிச்சயம்.

நூலில் மண்ணெண்ணெய் நனைத்துச் சுற்றி, கொளுத்தி, பாட்டிலை இரண்டாக வெட்டும் முறையைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். வீட்டில் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். வெட்டிய ஓரம் கத்திபோல் இருக்கும். அதைத் தேய்க்கும்போது வரும் தூள் மூச்சோடு நெஞ்சுக்குள் போகும்.

விலை சொல்லுமுன்

100 ஜாடியை, ஒன்று 6 ரூபாய் என்று வாங்கினீர்கள். மொத்தம் 600 ரூபாய். தட்டிப் பார்த்து 15 ஜாடியை ஒதுக்கினீர்கள். மிச்சம் 85. இப்போது 600-ஐ 85-ஆல் வகுங்கள். ஒரு ஜாடி உண்மையில் 7 ரூபாய்க்கு மேல் ஆகிறது. விலை போடும்போது 6 என்று எழுதினால் நட்டம் உங்களுக்கு.

ஒதுக்கிய ஜாடிகளில் விரியாதவை பூச்சாடி ஆகும். விரிந்தவற்றைத் தனிச் சாக்கில் கட்டி, "உடைந்த கண்ணாடி" என்று பெரிதாக எழுதிப் பழைய பாட்டில் வியாபாரியிடமே கொடுங்கள். குப்பையில் போட்டால் குப்பை அள்ளுபவரின் கை கிழியும். உடைந்த கண்ணாடியை மீண்டும் உலையில் உருக்கிப் புது ஜாடி செய்கிறார்கள்.

மெழுகுவர்த்தி ஜாடி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சீட்டு ஒட்டுங்கள். உங்கள் கையாலேயே எழுதலாம். இவ்வளவு போதும்:

தட்டின் மேல் வைத்து ஏற்றவும்.
ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டாம்.
அடியில் ஒரு விரல் மெழுகு மிஞ்சும்போது அணைக்கவும்.
எரியும்போது குழந்தைகளைத் தனியே விட வேண்டாம்.