சென்சாரை மாற்றும் முன் ஆதாரம் கேளுங்கள்

டர்போ பெட்ரோல் காரை ட்யூன் செய்து ஓட்டுபவர்கள் பலர், காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் ஏர்-ஃப்யூயல் மீட்டர் ஒன்றைத் தனியாகப் பொருத்திக்கொள்கிறார்கள். அந்த மீட்டர் திடீரென 18-ஐத் தொட்டாலோ, 10-ஐ விட்டு அசையாமல் நின்றாலோ, பட்டறையில் உடனே வரும் பதில்: "சென்சார் போயிடுச்சு சார், புதுசு போடணும்." சில நேரம் அது சரிதான். ஆனால் புது சென்சார் போட்ட பிறகும் மீட்டர் அதே எண்ணைக் காட்டினால், செலவழித்த பணத்துக்கு யார் பொறுப்பு? அதைவிட மோசமான நிலை ஒன்றும் உண்டு. பழுதான மீட்டரை நம்பி இன்ஜினின் எரிபொருள் மேப்பையே மாற்றிவிடுவது.

இந்த மீட்டர் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை அறிந்து, அதிலிருந்து விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆக்சிஜன் எந்த வழியாக உள்ளே வந்தாலும் அதற்கு ஒன்றுதான். டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் சிறு கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். மீட்டர் 'லீன்' (பெட்ரோல் குறைவு) என்று காட்டும். ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால், எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்சிஜனும் வெளியேறும், அப்போதும் 'லீன்'தான். இரண்டிலும் சென்சார் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

எந்த நேரத்தில் தவறாகக் காட்டுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஐடிலில் லீன் காட்டி, பூஸ்ட் ஏறும்போது சரியாகிவிட்டால் புகைக்குழாய்க் கசிவைத் தேடுங்கள். லோடு ஏறும்போது குழாயினுள் அழுத்தம் கூடுவதால் வெளிக்காற்று நுழைவது குறைந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்கும் சத்தம் இதற்கு நல்ல அடையாளம். ஐடிலில் சரியாக இருந்து பூஸ்டில் மட்டும் லீன் ஆனால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள். இந்த இரண்டாவது நிலையில் மீட்டரைச் சந்தேகித்துக்கொண்டு காரை விரட்டுவது ஆபத்து. பூஸ்டில் பெட்ரோல் குறைந்தால் நாக்கிங் வரும், பிஸ்டன் உருகும் அளவுக்கு வெப்பம் ஏறும். காரணம் தெரியும் வரை பூஸ்ட் ஏற்றாமல் ஓட்டுங்கள்.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில், இன்டர்கூலர் குழாய் கழன்றால் நேர்மாறாக நடக்கும். அளந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விட, அதற்கான பெட்ரோல் மட்டும் இன்ஜினுக்குள் போகும்; மீட்டர் 'ரிச்' (பெட்ரோல் மிகுதி) காட்டும்.

இனி சென்சாருக்கு வருவோம். இத்தகைய மீட்டர்களில் பெரும்பாலும் இருப்பது பாஷ் எல்.எஸ்.யூ. 4.9 வகை. உள்ளே இருக்கும் ஹீட்டர் அதைச் சுமார் 780 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருந்தால்தான் அளவீடு சரியாக வரும். ஆகவே ஃப்யூஸ், எர்த், வயரிங் மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். மீட்டருக்குக் கரண்ட் இல்லாமல் சென்சாரை மட்டும் குழாயில் விட்டு ஓட்டினால் கரி படிந்து விரைவில் கெட்டுவிடும். அதன் கனெக்டருக்குள் அளவீட்டைச் சரிசெய்யும் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. கனெக்டரை வெட்டிவிட்டு வயரை நேராக முறுக்கிச் சேர்த்தால் அளவு தவறும். டர்போவுக்கு முன்னால் பொருத்தினால் அழுத்தமும் சூடும் சேர்ந்து அதைக் கெடுக்கும். நுனி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் குழாயில் சேரும் நீர் சென்சாரின் சூடான பீங்கானில் பட்டு, அது விரிசல் விடும்.

சென்சாரைக் கழற்றித் திறந்த வெளியில் தொங்கவிட்டு மீட்டரை ஆன் செய்தால், அது லீன் பக்கத்தின் கடைசி எல்லையைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சென்சாரிலோ, வயரிலோ, கன்ட்ரோலரிலோ பழுது. இந்தச் சோதனையின்போது சென்சார் நுனி கையைப் பொசுக்கிவிடும். இன்ஜினை ஓட்டிச் செய்யும் எந்தச் சோதனையையும் மூடிய ஷெட்டில் செய்யாதீர்கள்; கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும்.

அதிகம் பேர் பயன்படுத்தாத சாட்சி ஒன்று இருக்கிறது: புகைப் பரிசோதனை மையம். பி.எஸ். 4, பி.எஸ். 6 பெட்ரோல் கார்களுக்கு அங்கே சுமார் 2,500 ஆர்.பி.எம். வேகத்தில் லாம்டாவை (பெட்ரோல் முழுதும் எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்டால் உண்மையில் உள்ள காற்றின் விகிதம்) அளக்கிறார்கள், அது 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும். பெட்ரோல் அளவுகோலில் லாம்டா 1 என்பது 14.7. அதே நேரத்தில் உங்கள் மீட்டர் என்ன காட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். குழாய்க் கசிவு இரண்டையுமே ஏமாற்றும் என்பதால் அதை முதலில் சரிசெய்துவிடுங்கள். "எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததால்தான் மீட்டர் தவறாகக் காட்டுகிறது" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். சென்சார் அறிவது லாம்டாவை. ஈ20 ஊற்றினாலும் லாம்டா 1-ஐ அந்த மீட்டர் 14.7 என்றுதான் காட்டும்.

இவ்வளவையும் வாடிக்கையாளரே செய்ய வேண்டும் என்பதில்லை. செய்தீர்களா என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஜாப் கார்டில் குறையை எழுதச் சொல்லுங்கள். ஸ்கேனரில் வந்த எரர் கோடையும் ஃப்யூயல் ட்ரிம் எண்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பி0135 என்றால் ஹீட்டர் சர்க்யூட், பி0171 என்றால் கலவை லீன். பின்னதை மட்டும் காட்டிச் சென்சாரை மாற்றச் சொன்னால், கசிவு பார்த்தீர்களா என்று கேளுங்கள். காசு கொடுத்து மாற்றினால் பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வையுங்கள். பில் தராமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

வாரண்டி விஷயத்தில் கவனம் தேவை. காரை வெளிப் பட்டறையில் பழுதுபார்த்ததற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் கார் நிறுவனங்கள் மீதான வழக்கில் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதனால் இதை மட்டும் நம்பி ரீமேப் செய்துவிடாதீர்கள். ரீமேப்பால் பிஸ்டன் போனால் வாரண்டி கேட்பது கடினம். மேப்பை மாற்றியவரிடம்தான் இழப்பீடு கேட்க நேரும். அதற்கு, அவர் என்ன மாற்றினார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாரண்டியை மறுத்தால், எந்த மாற்றம் எந்தப் பழுதுக்குக் காரணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ரூ. 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பொருளின் குறையை ஆய்வகத்தில் சோதிக்க அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. கழற்றிய சென்சாரைத் துடைக்காமல், தேதி எழுதிய உறையில் போட்டு பில்லோடு வைத்திருங்கள். புகார் எழும் காரணம் நிகழ்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.