எரியும் முன்பே காட்டிக்கொடுக்கும் ஆம்பியர்!

ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி பக்கம் வீட்டுமனைகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் கீரைப் பாத்திகளுக்கும் நெல் வயல்களுக்கும் போர்வெல் மோட்டார்தான் உயிர். பக்கத்திலேயே 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. அங்குள்ள தொழிற்கூடங்களில் மோட்டாரின் ஆம்பியரைக் கண்காணிப்பது சாதாரணம். வயல் மோட்டாரைத்தான் கருகிய வாடை வந்த பிறகு திரும்பிப் பார்க்கிறோம்.

மும்முனை மின்சாரத்தில் ஓடும் 5 ஹெச்.பி மோட்டார், முழுச் சுமையில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். சரியான அளவு மோட்டாரில் பதித்த தகட்டிலேயே இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியர் ஏறும். ஓடும்போது ஒரு பேஸ் போய்விட்டால், மற்ற இரண்டிலும் ஒன்றே முக்கால் மடங்கு வரை ஏறி, காயில் கருகும். தண்ணீர் வற்றி மோட்டார் சும்மா ஓடினாலோ ஆம்பியர் இறங்கும். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே ஏறுவதை மட்டுமே பிடிக்கும், இறங்குவதைக் கண்டுகொள்ளாது. சப்மெர்சிபிள் வைத்திருப்பவர்களுக்கு அடி விழுவது இங்கேதான்.

ஒயரை வெட்டாமல், தொடாமல் ஆம்பியரை அளக்கும் வழிகளில் ஒன்று ‘ஹால்’ சென்சார். 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர் எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி அதைக் காந்தப்புலத்தில் வைத்தார். தகட்டின் இரு ஓரங்களுக்கு இடையே சிறு வோல்டேஜ் தோன்றியது. மின்சாரம் ஓடும் ஒயரைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு. ஆம்பியர் கூடினால் அதுவும் கூடும். ஆகவே அந்தச் சிறு வோல்டேஜை அளந்தாலே ஆம்பியர் தெரிந்துவிடும்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் ஏ.சி.எஸ்.712 சிப், ஒரு நெல்மணி நீளம்கூட இருக்காது. மின்சாரம் ஓடாதபோது 2.5 வோல்ட் காட்டும். 30 ஆம்பியர் ரகத்தில், ஓர் ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட் மாறும். 10 ஆம்பியர் டி.சி ஓடினால் 3.16 வோல்ட். பிள்ளைகள் செய்முறைப் பாடத்துக்கு வாங்கலாம். ஆனால், அதைப் பம்ப்செட்டில் மாட்டக் கூடாது. 5 ஹெச்.பி மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் வரை இழுக்கும். தவிர, அந்தச் சின்னப் பலகையில் 415 வோல்ட் திறந்த திருகில் நிற்கும். கை பட்டால் உயிர் போகும். மோட்டாருக்கு, ஒயர் வளையத்துக்குள் நுழைந்து செல்லும் ரகம்தான் சரி.

ஏ.சி மோட்டாருக்கு ‘ஹால்’ என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை, சாதாரண சி.டி காயிலே போதும். டிரை ரன், பேஸ் கட் இரண்டையும் பேனல் பிடிக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

சோலார் பம்ப்செட் கதை வேறு. பேனலிலிருந்து வருவது டி.சி. ஏ.சி-க்கு மட்டுமான கிளாம்ப் மீட்டர் அங்கே பூஜ்யம்தான் காட்டும்; ‘பேனல் செத்துப்போச்சு’ என்று ஏமாறலாம். ‘டி.சி ஆம்பியரும் பார்க்கும்’ மீட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குள் இருப்பது ஹால் சென்சார். அளக்கும் முன் ஜீரோ பட்டனை அழுத்த வேண்டும். ஒரு ஒயரை மட்டும் கவ்வ வேண்டும். பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

மோட்டார் நன்றாகத் தண்ணீர் இறைக்கும் ஒரு நாளில் எலெக்ட்ரீஷியனை அழைத்து, மூன்று பேஸின் ஆம்பியரையும் அளந்து, ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்மூடியில் தேதியோடு எழுதி வையுங்கள்.