ஷேக்ஸ்பியருக்கு குலச்சின்னமா? லண்டனில் 1602-ல் கிளம்பிய புகார்!

உலகப் புகழ் பெற்ற நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியரின் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு குலச்சின்னம் உண்டு. அதற்காக அந்தக் குடும்பம் சுமார் 20 ஆண்டுகள் காத்துக் கிடந்தது. கடைசியில் கைக்கு வந்தபோது, ஷேக்ஸ்பியரின் ஒரே மகன் உயிரோடு இல்லை!

அந்தக் கால இங்கிலாந்தில் குலச்சின்னம் என்பது லேசுப்பட்ட விஷயம் அல்ல. கடைக்குப் போர்டு எழுதி மாட்டுவது போல, நினைத்த படத்தை வரைந்து மாட்டிவிட முடியாது. ராணியின் அதிகாரிகள் பட்டயம் எழுதித் தரவேண்டும். கிடைத்துவிட்டால் அவர் "ஜென்டில்மேன்". ஊரில் தனி மரியாதைதான்!

கையுறை வியாபாரி

ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான், ஸ்டிராட்போர்டு ஊரில் கையுறை தைத்து விற்றவர். 1568-ல் அந்த ஊர் நகரசபைத் தலைவராகவும் ஆனார். பிறகு குலச்சின்னம் கேட்டு மனுப் போட்டார். ஆனால் பணமுடை வந்தது. கடன் தொல்லை வேறு. மனு கிடப்பில் விழுந்தது.

1596-ம் ஆண்டு அக்டோபர் 20-ந்தேதி தந்தை பெயரில் பட்டயம் எழுதப்பட்டது. லண்டன் நாடகத்தில் நாலு காசு பார்த்த மகன்தான் இதற்கு முயற்சி எடுத்தார் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து.

படமே பெயர்

தங்க நிறக் கேடயம். அதில் சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை. பட்டை மேல் ஒரு தங்க ஈட்டி. முனை மட்டும் வெள்ளி. கேடயத்துக்கு மேலே சிறகு விரித்த வெள்ளை வல்லூறு. அதன் காலிலும் ஓர் ஈட்டி!

எதற்கு இத்தனை ஈட்டி? "ஷேக்" என்றால் ஆட்டு. "ஸ்பியர்" என்றால் ஈட்டி. எழுத்துத் தெரியாதவர்கூட படத்தைப் பார்த்தே பெயரைச் சொல்லிவிடலாம். கூடவே பிரெஞ்சு மொழியில் ஒரு வாசகம். "உரிமை இல்லாமல் அல்ல" என்பது அதன் பொருள்.

"தகுதி இல்லை"

ஆனால் அந்த உரிமைக்கே வந்தது வம்பு. 1602-ல் ரால்ப் புரூக் என்ற அதிகாரி, சக அதிகாரிகள் மீதே புகார் கிளப்பினார். தகுதி இல்லாதவர்களுக்கெல்லாம் சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று 23 பேர் கொண்ட பட்டியலை நீட்டினார். அதில் ஷேக்ஸ்பியரும் ஒருவர். ஒரு கூத்தாடிக்கு இந்தக் கௌரவமா என்பதுதான் கோபம். பழைய பிரபு ஒருவரின் சின்னம் போலவே இருக்கிறது என்றும் குற்றச்சாட்டு.

சின்னம் கொடுத்தவர்கள் விடவில்லை. "தந்தை ஊரில் நியாயம் தீர்த்தவர், வசதி உள்ளவர். தாய் ஆர்டன் என்ற நல்ல குடும்பத்துப் பெண். பட்டை மேல் ஈட்டி இருக்கிறதே, அதுதான் வித்தியாசம்" என்ற ரீதியில் பதில் கொடுத்தார்கள். சின்னம் தப்பியது.

வாரிசு எங்கே?

குலச்சின்னம் தந்தையிடம் இருந்து மகனுக்கு, மகனிடம் இருந்து பேரனுக்கு என்று போவது வழக்கம். ஷேக்ஸ்பியருக்கு ஒரே மகன். பெயர் ஹாம்னெட். வயது 11. பட்டயம் எழுதப்பட்ட அதே 1596-ல், ஆகஸ்டு 11-ந்தேதி அந்தப் பையனை அடக்கம் செய்தார்கள். பட்டயம் வந்தது இரண்டு மாதம் கழித்து!

மகள்கள் இரண்டு பேர். பேத்தி எலிசபெத் 1670-ல் குழந்தை இல்லாமல் இறந்ததோடு நேர் வம்சமும் முடிந்தது.

1616-ல் ஷேக்ஸ்பியர் இறந்தார். ஸ்டிராட்போர்டு தேவாலயத்தில் அவருடைய நினைவுச் சின்னத்தின் மேலே அந்த ஈட்டிக் கேடயத்தை இன்றும் பார்க்கலாம்.