காரைக்குடி - திருவாரூர் அகலப் பாதைத் திட்டம்

காரைக்குடி - திருவாரூர் அகலப் பாதைத் திட்டம் என்பது சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடியையும் காவிரிக் கழிமுகப் பகுதியின் திருவாரூரையும் இணைக்கும் 149 கி.மீ. நீளமுள்ள மீட்டர் பாதையை அகலப் பாதையாக மாற்றிய தென்னக இரயில்வேயின் திட்டமாகும். பணிக்காக 2012 இல் நிறுத்தப்பட்ட தொடர்வண்டிகள் முழுத் தொலைவுக்கும் மீண்டும் ஓட 2019 வரை ஆயின. அதன் பின்னரும், வாயிற்காப்பாளர் இல்லாமையால் பயணம் நெடுநேரம் பிடித்தது.

== வரலாறு ==
இப்பாதையின் பெரும்பகுதி தஞ்சாவூர் மாவட்ட வாரியம் நிலத்தின் மீது வசூலித்த கூடுதல் வரியைக் கொண்டு அமைக்கப்பட்டது. மாயவரத்திலிருந்து (மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரையிலான பாதை 1894 இல் திறக்கப்பட்டது. அது 1902 இல் பட்டுக்கோட்டைக்கும் 1903 இல் அறந்தாங்கிக்கும் நீட்டிக்கப்பட்டது. அறந்தாங்கி - காரைக்குடி இணைப்பு விடுதலைக்குப் பின்னரே அமைந்தது. சென்னைக்கும் காரைக்குடிக்கும் இடையே ஓடிய கம்பன் விரைவு வண்டி இவ்வழியாகவே சென்றது.

== பாதை மாற்றம் ==
மீட்டர் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையேயான அகலம் 1,000 மி.மீ.; அகலப் பாதையில் 1,676 மி.மீ. எனவே தண்டவாளத்தை மட்டும் மாற்றுவது போதாது. கரையை அகலப்படுத்துதல், பாலங்களை மீண்டும் கட்டுதல், நிலைய நடைமேடைகளை மாற்றுதல் ஆகியனவும் தேவைப்படும். பணிகள் முடிந்த பின் இரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்து ஒப்புதல் அளித்தால்தான் பயணிகள் வண்டி ஓட முடியும்.

காரைக்குடி - பட்டுக்கோட்டை பகுதி (73 கி.மீ.) 2018 மார்ச்சிலும், பட்டுக்கோட்டை - திருவாரூர் பகுதி (76 கி.மீ.) 2019 சூனிலும் பயன்பாட்டுக்கு வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் கண்டனூர் புதுவயல், அறந்தாங்கி, பேராவூரணி, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களின் மக்கள் பேருந்துகளையே நம்பியிருந்தனர்.

== வாயிற்காப்பாளர் சிக்கல் ==
இப்பாதையில் கடவுப்பாதைகள் மிகுதி. ஒவ்வொரு வாயிலுக்கும் இரவு பகலாக முறைவைத்துப் பணிபுரியப் பலர் தேவை. ஆனால் பாதை திறக்கப்பட்டபோது போதிய காப்பாளர்கள் நியமிக்கப்படவில்லை. இதனால் நடமாடும் வாயிற்காப்பாளர் முறை கையாளப்பட்டது. அதன்படி,

* வண்டி வாயிலுக்கு முன் நிற்கும். முன்புறம் உள்ள ஊழியர் இறங்கி வாயிலை மூடுவார்.
* வண்டி வாயிலைக் கடந்து மீண்டும் நிற்கும். பின்புறம் உள்ள ஊழியர் வாயிலைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார்.

ஒவ்வொரு வாயிலிலும் இருமுறை நின்றதால், டீசல் பயணிகள் வண்டி 149 கி.மீ. தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது. இதே தொலைவைப் பேருந்து இதைவிட விரைவில் கடந்ததால், பயணிகள் வண்டியை நாடுவது குறைந்தது. விரைவு வண்டிகளை இவ்வழியே இயக்குவதற்கும் இது தடையாக இருந்தது. வாயில்களுக்கு நிலையான காப்பாளர்களை நியமிக்குமாறு பயணிகள் சங்கங்கள் தொடர்ந்து கோரின.

== பிந்தைய நிலை ==
கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட சேவை 2021 இல் மீண்டும் தொடங்கியது. காப்பாளர்கள் நியமிக்கப்பட்ட பின் பயண நேரம் குறைந்தது. 2023 ஏப்ரல் 8 அன்று, திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகச் செல்லும் தாம்பரம் - செங்கோட்டை விரைவு வண்டியைப் பிரதமர் நரேந்திர மோதி தொடங்கி வைத்தார். இத்திட்டத்தின் கிளையான திருத்துறைப்பூண்டி - அகத்தியம்பள்ளி அகலப் பாதையிலும் (37 கி.மீ.) அன்றே சேவை தொடங்கியது.