அனுமதி வந்தது, காசு வரவில்லை

சென்ற வருடம் எங்கள் ராத்தாவுக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கலாநிதிப் படிப்புக்கான அனுமதிக் கடிதம் வந்தது. உம்மா வட்டிலப்பம் அவித்தார். இரவு ராத்தா கடிதத்தைத் திரும்ப வாசித்தபோதுதான், வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தை வருடாவருடம் நாங்களே கட்ட வேண்டும் என்பது விளங்கியது. அனுமதி கிடைத்தால் பணமும் சேர்ந்தே வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். வாப்பா வளவை விற்கலாமா என்று கேட்டார். ராத்தா சம்மதிக்கவில்லை.

அதன் பின் அவர் தேடியதையெல்லாம் நானும் அருகிலிருந்து பார்த்தேன். நாட்டுக்கு நாடு காசு வரும் வழி வேறு. அமெரிக்காவில் விஞ்ஞானத் துறைகள் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தலிலோ ஆய்விலோ உதவுவதற்குக் கொடுப்பனவும் தருகின்றன. ஜேர்மனியில் பல இடங்களில் கலாநிதி ஆய்வு சம்பளத்துடன் கூடிய தொழிலாகவே விளம்பரமாகிறது. ஜப்பானின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் கட்டணம், மாதப் படி, விமானச் சீட்டு மூன்றையும் தரும். ஆனால் தூதரகத்தின் ஊடாக விண்ணப்பித்து முதற்கட்டத் தெரிவில் தேறியவர், தன்னை ஏற்பதாக ஜப்பானியப் பல்கலைக்கழகமொன்றின் கடிதத்தைப் பெற வேண்டும். அதற்கு அங்குள்ள பேராசிரியர் ஒருவர் மேற்பார்வை செய்யச் சம்மதிக்க வேண்டும்.

பேராசிரியர்களுக்கு எழுதுவதிலும் ராத்தா முதலில் பிழை விட்டார். ஒரே மின்னஞ்சலை 40 பேருக்கு அனுப்பினார். எல்லாவற்றிலும் "மதிப்புக்குரிய ஐயா". அவர்களில் சிலர் பெண்கள்! பதில் இரண்டே இரண்டு. பிறகு ஒருவருடைய அண்மைய கட்டுரைகள் இரண்டை ஆறுதலாக வாசித்து, அவற்றில் தனக்கு எழுந்த கேள்வியையும், பட்டப்படிப்பில் தான் செய்த ஆய்வையும் ஒரு பக்கத்துக்குள் எழுதினார். பெறுபேறுகளையும் இணைத்தார். கடைசியில், அடுத்த வருடம் மாணவர்களைச் சேர்க்கிறீர்களா, உங்கள் ஆய்வு நிதியில் அதற்கு இடமுண்டா, இல்லையென்றால் எந்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நேராகவே கேட்டார்.

காசைப் பற்றிக் கேட்பது மரியாதையில்லை என்றார் உம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பேராசிரியர் முதலில் பதில் சொன்னதே அந்தக் கேள்விக்குத்தான். தன்னிடம் இப்போது நிதி இல்லை, மெக்ஸ்ட்டில் முதற்கட்டம் தேறினால் கடிதத்துக்கு எழுதுங்கள் என்றிருந்தார்.

ராத்தா இப்போது அதன் எழுத்துப் பரீட்சைக்குப் படிக்கிறார். எனக்கு உயர்தரப் பரீட்சை வருகிறது. வீட்டில் மேசை ஒன்றுதான். சுபஹுக்குப் பின் அவருக்கு, இஷாவுக்குப் பின் எனக்கு.