மணல்மேட்டில் ஓர் இரவு: புறப்படுமுன் சில செய்திகள்

நம் ஐந்திணையில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஒரு நல்ல மழை பெய்தால் அந்தப் பாலை மறைந்துவிடும். பிழைப்புக்காக வளைகுடா வந்த தமிழர்கள் பார்ப்பதோ மழைக்கும் மாறாத பாலை. சவூதி அரேபியா, ஓமன், அமீரகம், ஏமன் ஆகிய நான்கு நாடுகளில் விரிந்து கிடக்கும் ரூப் அல் காலியின் பரப்பு ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு.

1931-ல் பெர்ட்ரம் தாமஸ் என்ற ஆங்கிலேயர் பதூவின் வழிகாட்டிகளோடும் ஒட்டகங்களோடும் இதைக் கடந்து முடித்தபோது உலகமே வியந்தது. இன்று அதன் விளிம்பிலுள்ள லிவாவுக்கு அபுதாபியிலிருந்து தார்ச்சாலையில் சில மணி நேரத்தில் போய்விடலாம். மாலையில் புறப்பட்டு, மணலில் கூடாரம் அடித்து, நட்சத்திரம் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பும் நண்பர் குழுக்கள் ஏராளம். போவது எளிதாகிவிட்டது. ஆனால் பாலை மாறவில்லை. 2024 ஆகஸ்டில் சவூதிப் பகுதியில் வழிதவறிய இரு வெளிநாட்டு ஊழியர்கள், வண்டியில் எரிபொருளும் கைப்பேசியில் மின்சாரமும் தீர்ந்துபோக, அங்கேயே உயிரிழந்தார்கள்.

முதலில் காலம். நவம்பர் முதல் மார்ச் வரைதான் இதற்கு ஏற்ற மாதங்கள். அப்போதும் இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடும் என்பதால் கம்பளி அவசியம். அடுத்தது துணை. ஒற்றை வண்டியில் மணலுக்குள் போகவே கூடாது. இரண்டு வண்டிகள் கட்டாயம், மூன்றென்றால் இன்னும் நல்லது. எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், எந்த நேரம்வரை தகவல் இல்லையென்றால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஊரிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அமீரகத்தில் அவசர எண் 999, ஓமனில் 9999. ஆனால் மணல்மேடுகளுக்கு நடுவே கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வரைபடத்தை முன்பே கருவியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி வண்டி. சாலையில் 30-35 பி.எஸ்.ஐ. இருக்கும் டயர் அழுத்தத்தை மணலில் இறங்குமுன் 15-18க்குக் குறைக்க வேண்டும். காரணம் எளியது. காற்றுக் குறைந்த டயர் தரையில் நீளமாகப் படியும். வண்டியின் எடை அதிகப் பரப்பில் பரவும். ஒட்டகத்தின் அகன்ற, மெத்தென்ற பாதம் செய்யும் வேலையும் இதுவே. 10க்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். திரும்பி வந்து தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி காற்று நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் டயர் சூடேறி வெடிக்கலாம். ஆகவே அழுத்தமானியும் சிறு கம்ப்ரெஸரும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். மணலில் எரிபொருள் சாலையில் ஆவதைப் போல இரு மடங்குகூடச் செலவாகும். கனமான சாமான்களை மேற்கூரையில் ஏற்றினால் சரிவில் வண்டி எளிதில் கவிழும்.

மணல்மேட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. காற்று வந்து மோதும் பக்கம் சாய்வாகவும் கெட்டியாகவும் இருக்கும். மறுபக்கம் மணல் உதிர்ந்து விழுந்து 32 முதல் 34 டிகிரி வரை செங்குத்தாக நிற்கும். ஏறிவருபவருக்கு உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. நிறுத்திவிட்டு இறங்கி நடந்து பாருங்கள். ஏறுவதும் இறங்குவதும் நேராகவே இருக்க வேண்டும். சரிவில் குறுக்கே ஓட்டினால் கவிழும் அபாயம் அதிகம். பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் பிரேக் போடாமல் ஸ்டியரிங்கைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். உச்சி வெயிலில் நிழல் இல்லாததால் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். காலையில் நிழலும் உண்டு, பனியில் மணலும் சற்று இறுகியிருக்கும். ஓட்ட அதுவே நல்ல நேரம்.

வண்டி புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். மண்வெட்டியால் சக்கரத்தின் முன்பக்கம் மணலை அள்ளிவிட்டு, அழுத்தத்தை இன்னும் சற்றுக் குறைத்து, மெதுவாக நகர்த்துங்கள். இன்னொரு வண்டியால் இழுப்பதென்றால், அதற்கென உள்ள கொக்கியில் மட்டுமே பட்டையை மாட்ட வேண்டும். ட்ரெய்லர் பூட்டும் உருண்டையில் மாட்டினால், அது உடைந்து குண்டுபோல் பறந்து ஆளைக் கொல்லும். மற்றவர்கள் தள்ளி நிற்கட்டும். சப்கா எனப்படும் உப்புச் சமவெளி வேறு வகை ஆபத்து. மேலே காய்ந்த ஓடு, அடியில் சேறு. அங்கே பழைய தடத்தை விட்டு விலகாதீர்கள்.

கூடாரத்தை மேட்டின் அடியிலோ, வண்டிகள் தாண்டி வரக்கூடிய சரிவிலோ அடிக்க வேண்டாம். உச்சியில் ஏறுபவருக்கு உங்கள் கூடாரம் கண்ணில் படாது. மணல் விரியன் மணலுக்குள் புதைந்து கண் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். இரவில் விளக்கில்லாமல், செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. காலையில் காலணியை உதறிவிட்டுத்தான் போட வேண்டும். அடுப்புக்கு விறகு கொண்டுபோங்கள். காஃப் மரத்தில் கை வைக்க வேண்டாம், அது அமீரகத்தின் தேசிய மரம். கரியை மணல் போட்டு மூடுவது பெரும் தவறு. பல மணி நேரம் கழித்தும் அது கனன்றுகொண்டிருக்கும், ஓடிவரும் குழந்தையின் பாதம் வெந்துவிடும். தண்ணீர் ஊற்றி அணையுங்கள். கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்தால் அதன் நச்சுவாயு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

தண்ணீர், குடிக்க மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். ஓர் இரவுக்குப் போனாலும் மூன்று நாளுக்கு எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எல்லா ஏற்பாட்டையும் மீறி வழிதவறினால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். அடுத்த மேட்டுக்கு அப்பால் சாலை இருக்கும் என்று மனம் சொல்லும். அதை நம்ப வேண்டாம். தேடி வருபவர்களுக்கு மணலில் நடக்கும் மனிதன் ஒரு புள்ளி, வண்டியோ தூரத்திலிருந்தே தெரியும். அதன் நிழலில் அமர்ந்து, உடம்பை மூடிக்கொண்டு, தாகம் எடுக்கும்போது குடித்துக் காத்திருங்கள். புறப்படுமுன் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்தீர்களே, அந்தத் தாள்தான் அப்போது உங்களைத் தேடிவரும்.