சிவப்புத் துணிக்குள்ளே என்ன இருந்தது?

அக்கரைப்பற்றில் பெருநாள் பிறந்துவிட்டால் போதும், குடும்ப ஒன்றுகூடல்கள் கடற்கரையை நோக்கிக் கிளம்பிவிடும். இங்கே ஒரு தறப்பாள், அங்கே ஒரு தறப்பாள்; ஒரு பக்கம் சவன் சாப்பாட்டுக்கு அடுப்பு, மறுபக்கம் ஒலிபெருக்கியில் யாரோ ஒரு மச்சானின் அறிவிப்பு. விளையாட்டுப் பார்க்கப் பெருங்கூட்டம் நிற்கும். ஆனால் அசல் கூத்து அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில், தறப்பாளுக்குப் பின்னால் நடக்கிறது. வாங்க, எட்டிப் பார்ப்போம்!

முதலில் சாக்குகள். நெல் விளைகிற ஊர் என்பதால் சாக்குக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நெல்லுச் சுணை போக உதறாமல் பிள்ளைகளை இறக்கினால் ஓட்டம் முடியும்போது எல்லாரும் காலைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். அதனால் விடியற்காலையிலேயே ஒருவர் சாக்குகளைத் தடியால் அடித்துக்கொண்டிருப்பார். அடுத்தது முட்டிகள். ஒன்றில் டொபி, ஒன்றில் மஞ்சள் தண்ணீர். மூன்றாவதில் என்ன என்பது குழுவில் இருவருக்குத்தான் தெரியும். யானைக்குக் கண் வைக்க வரைந்த யானை மாடாகத் தெரிகிறதே என்று ஒரு சண்டை. பெண்கள் பக்கத்துச் சங்கீதக் கதிரைக்குப் பாட்டே கிடையாது. ஒரு மாமி திரும்பி நின்று தட்டத்தை அகப்பையால் அடிப்பார். அவர் நிறுத்தும் இடத்தில்தான் எல்லாம். பேரப்பிள்ளை கதிரைக்குப் பக்கத்தில் வரும்போது அடி நின்றுவிடுகிறது என்று வருடாவருடம் முறைப்பாடு எழும்!

இனிக் கயிறு. ஒரு பெருநாளன்று நான் பார்த்ததிலேயே பெரிய இரகசியம் அதில்தான் இருந்தது.

கயிறிழுத்தலில் கலியாணம் முடித்தவர்கள் ஒரு பக்கம், முடிக்காதவர்கள் மறுபக்கம் என்று அறிவித்தாயிற்று. கையில் கிடைத்ததோ கிணற்றடியில் கிடந்த பழைய தும்புக் கயிறு, அதுவும் இரண்டு துண்டாக. இளைஞன் ஒருவன் தோணியடியிலிருந்து புத்தம்புது நைலோன் கயிறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கரைவலை இழுத்துக் கை காய்ப்பேறிய ஒரு காக்கா மறித்துவிட்டார்.

"அது வேணாம் மனே. இது அறுந்தா மண்ணுல உழுவம். அது அறுந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

இரண்டு துண்டையும் முடிச்சுப் போட்டார்கள். நடுவே அடையாளத்துக்குக் கட்டும் சிவப்புத் துணியை அந்த முடிச்சின் மேலேயே சுற்றினார்கள். வெளியில் நின்ற ஒருவருக்கும் தெரியாது!

விசில் ஊதியது. "இழு! இழு!" என்று கரையே அதிர்ந்தது. துணி ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம். பிறகு ஒரு சத்தம். முடித்தவர்களும் முடிக்காதவர்களும் ஒரே நேரத்தில் மல்லாந்தார்கள். கடைசியில் நின்ற கனத்த மாப்பிள்ளை பின்னாலேயே போய் கடப்பாசித் தட்டங்களின் நடுவே உட்கார்ந்தார். அல்லாஹ்வின் உதவியால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வயிறு வலித்தது, சிரித்ததனால்.

அந்தக் காக்காவின் பேச்சு எவ்வளவு பெரிய உண்மை! நைலோன் இழுபடும்போது ரப்பரைப் போல நீளும். இழுக்கிறவர்களின் பலமெல்லாம் அதற்குள் சேர்ந்துகொண்டே போகும். அறுந்த நொடியில் அவ்வளவும் திரும்பி அடிக்கும். பழைய தும்பு சீக்கிரமே அறுந்துவிடும், அதனால் அதில் சேருகிற விசையும் குறைவு. 1978இல் அமெரிக்காவின் ஹரிஸ்பர்க்கில் 2,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் சாதனைக்காக இழுத்த நைலோன் கயிறு அறுந்து சிலருடைய விரல்கள் போயின. 1997 ஒக்டோபர் 25இல் தாய்வானின் தாய்பேயில் ஏறத்தாழ 1,600 பேர் இழுத்தபோது கயிறு அறுந்து இருவரின் கைகள் துண்டாகின; அறுவைச் சிகிச்சை செய்து திரும்பப் பொருத்தினார்கள். இரண்டு இடத்திலும் வந்தவர்கள் நம்மைப் போலச் சிரிக்க வந்தவர்கள்தான்.

1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்த விளையாட்டு இது. 1908இல் தங்கம் வென்றது இலண்டன் நகரப் பொலிஸ் அணி. சர்வதேச விதிகளில் கயிற்றுக்கென்றே இடம் உண்டு. சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீற்றர், நீளம் குறைந்தது 33.5 மீற்றர், பக்கத்துக்கு எட்டுப் பேர். முடிச்சு இருக்கவே கூடாது. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். நம் கயிறும் சிவப்புத் துணிக்குள்ளேதான் விட்டுக்கொடுத்தது.

வருகிற ஹஜ்ஜுப் பெருநாள் ஒன்றுகூடலுக்குச் சல்லி சேர்க்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பரிசு வாளிகளில் இரண்டைக் குறைத்தாவது முடிச்சில்லாத, கைநிறையப் பிடிக்கும் தடித்த கயிறு ஒன்றை வாங்குங்கள். பக்கத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் விடாதீர்கள். கயிற்றைக் கையிலே சுற்றிக்கொள்ள எந்தப் பிள்ளையையும் அனுமதிக்காதீர்கள். கடப்பாசியையும் கொஞ்சம் தூரத்தில் வையுங்கள்!